ஜாதி மாறிய சீட்டு

“ஜாதி மாறாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? மாறிட்டியே! எல்லாம் போச்சு!”

இரண்டாவது மாடி லக்ஷ்மிநாராயணனின் குரல் அந்த இரும்புலியூர் குடியிருப்பு முழுக்கக் கேட்டது.

ராகவேந்திரா பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தார். “இந்தக் காலத்துல இப்படியும் ஒரு மனுஷனா? ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வரேன்.”

“அப்பா, அது அவங்க வீட்டு விஷயம்ப்பா...”

அப்பா படியேறிவிட்டார். ஸ்நேகா தலையில் அடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

ரெண்டு மாதமாகவே அவர் இப்படித்தான். ஜாதி என்று காதில் விழுந்தால் போதும், டி.வி.யோடுகூடச் சண்டை. குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வரன் விளம்பரம் போட்டவரோடு பெரிய ரகளை.

அடுத்த வீட்டுக்குச் சொல்வது சுலபம். சொந்தப் பெண் வேறு ஜாதி வினோத்குமாரைக் கட்டிக்கொள்கிறேன் என்று நின்றால் தெரியும் சேதி! அந்தப் பயத்தில்தான் ஸ்நேகா வாயைத் திறக்கவில்லை. வினோத்குமார் வீட்டிலோ, ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பெண் பார்க்கக் கிளம்புகிறார்கள்.

லக்ஷ்மிநாராயணன் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது.

“சார், இது நல்லா இல்ல!” என்றார் ராகவேந்திரா. “மனசுக்குப் பட்ட பக்கம் ஒருத்தர் போனா என்ன தப்பு?”

“தப்பில்லையா? எதிராளிங்க நாலு ஸ்பேடு கேட்டு ஜெயிச்சுட்டாங்க சார்!”

மேஜையைச் சுற்றி நாலு பேர். நடுவில் சீட்டு.

“பிரிட்ஜ் சார்” என்றாள் லக்ஷ்மிநாராயணனின் மனைவி சரோஜினி. “நானும் இவரும் ஜோடி. நான் சீட்டோட ஜாதியை மாத்தி இறக்கிட்டேனாம்.”

“முதல்ல இவ ஆர்ட்டின் இறக்கினா. நான் ஒன்பது போட்டேன். பெரிய சீட்டு போட்டா, ‘எனக்குச் சம்மதம், இதே ஜாதியிலேயே போ’ன்னு அர்த்தம். இவ பயந்துபோய்க் கிளாவருக்கு ஓடிட்டா!”

“உங்க கையில இருக்கறதுலேயே சின்னது அந்த ஒன்பதுதான்னு நினைச்சுட்டேன். வேண்டாங்கறீங்கன்னு எடுத்துக்கிட்டேன். வாயைத் திறந்து சொன்னா என்னவாம்?”

“சொல்லக் கூடாதும்மா! ஜோடி என்ன போடறான்னு பார்த்துப் புரிஞ்சுக்கணும். அதான் ஆட்டம்.”

ராகவேந்திராவின் முகத்தில் அசடு வழிந்தது. “ஸாரி சார். நீங்க ஆடுங்க.”

படியிறங்கும்போது ஸ்நேகாவால் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லியும் விட்டாள்.

“அப்பா, நான் ஒருத்தரை விரும்பறேன். வேற ஜாதி.”

அப்பா நின்றார். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“மேடவாக்கம் சிக்னல்ல, தண்ணி லாரிக்குப் பின்னாடி ரெண்டு பேரும் பைக்ல நின்னீங்களே, அந்தப் பையன்தானே?”

“அப்பா! எப்பப் பார்த்தீங்க?”

“ரெண்டு மாசம் ஆச்சு” என்றார் ராகவேந்திரா. “நீயா வந்து சொல்லட்டும்னு அன்னிலேர்ந்து கத்திக்கிட்டிருக்கேன். இன்னும் யார்கூடடி நான் சண்டை போடணும்?”