மூச்சு வாங்கும் பிணம்

"பெரிப்பா, செத்ததுக்கு அப்புறம் இப்படி மூச்சு வாங்கக் கூடாது!"

கல்பனா சொன்னதும், மோட்டார் கொட்டாயின் தரையில் கிடந்த பிணம் ஒரு கண்ணைத் திறந்தது.

"நான் எங்கம்மா வாங்குறேன்? அது தானா வருது. இன்னா பண்றது?"

பிணம், காத்தவராயன். கேமரா பிடித்திருக்கும் சுகுமாரின் பெரியப்பா. பாகூரில் இந்தக் கொட்டாயும் சுற்றியிருக்கும் மூன்று காணிக் கரும்பும் அவருடையவை. தனக்கும் ஒரு வேஷம் வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு படம் எடுக்க இடம் கொடுத்திருந்தார். அவருக்கு வசனம் மனசில் நிற்காது என்று பயந்த கல்பனா, பிணம் வேஷத்தைக் கொடுத்துவிட்டாள்.

கதைப்படி இரண்டு கொலை. முதலில் ஒரு பங்காளி, அடுத்தது காத்தவராயன். இரண்டையும் செய்தவன், மோட்டார் ரிப்பேருக்கு வரும் எலக்ட்ரீஷியன்.

கல்லூரிகளுக்கான குறும்படப் போட்டிக்கு நாளை மாலைக்குள் படம் போய்ச் சேர வேண்டும். போன வருஷம் கல்பனாவின் படத்தைப் பார்த்த நடுவர், "கொலைகாரன் யாருன்னு மொத நிமிஷத்துலயே தெரிஞ்சிடுச்சும்மா" என்று சிரித்தார். இது அவளுக்குக் கல்லூரியில் கடைசி வருஷம்.

வேறு ஆளைப் படுக்கவைக்க முடியாது. வசனம் இல்லாத மற்ற காட்சிகளில் எல்லாம் பெரியப்பாவின் முகம் பதிவாகிவிட்டது. இன்னொரு நாள் எடுக்கவும் முடியாது. சர்க்கரை மில்லிலிருந்து கரும்பை வெட்டச் சொல்லிக் கட்டிங் ஆர்டர் வந்துவிட்டது. விடிந்தால் கரும்பு லாரியில் இருக்கும்.

"வயித்து மேல துண்டைப் போடு," என்றான் சுகுமார்.

போட்டார்கள். துண்டும் சேர்ந்து ஏறி இறங்கியது.

"குப்புறப் படுங்க பெரிப்பா."

முதுகு ஏறி இறங்கியது.

"ஸ்லோ மோஷன்ல எடுத்தா?"

எடுத்தார்கள். பாரம் ஏற்றிய டிராக்டர் மேட்டில் ஏறுவதுபோல், வயிறு நிதானமாக மேலே போய் நிதானமாகக் கீழே வந்தது. எடிட்டிங் பார்க்கும் சரண்யா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

திரும்பி வந்தவள், "ஒரு போட்டோ எடுத்து, அதையே நாலு செகண்டு ஓட்டிடலாம்டி," என்றாள்.

அதையும் செய்து பார்த்தார்கள். பெரியப்பா அசையவில்லைதான். ஆனால் கீற்று இடுக்கு வழியாக அவர்மேல் விழுந்த கரும்புத் தோகையின் நிழலும் அசையவில்லை. காதருகே பறந்த ஈ அந்தரத்தில் அப்படியே நின்றது.

"கல்பனா, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றது பிணம், காலையிலிருந்து நாலாவது தடவையாக.

"பொணம் பேசக் கூடாது பெரிப்பா."

"அதுவும் சரிதான்."

பத்தாவது டேக்கில் மூச்சு இன்னும் பலமாக வந்தது. வெயில் சாய ஆரம்பித்தது.

கல்பனா கேமராவின் சின்னத் திரையில் பத்து டேக்கையும் ஓட்டிப் பார்த்தாள். பார்க்கிறவன் கண் முதலில் தரையில் ஊற்றிய பொய் ரத்தத்துக்குப் போகும். அங்கிருந்து முகத்துக்கு. மூன்றாவதாக வயிற்றுக்கு. அங்கே சிரித்துவிடுவான். சிரித்த பிறகு?

"சந்தேகப்படவே மாட்டான்!" என்று கத்தினாள்.

"யாருடி?"

"பாக்குறவன்தான்! வயிறு ஆடறதைப் பாத்து, இதுங்களுக்குப் படம் எடுக்கத் தெரியலனு சிரிப்பான். நல்லா சிரிக்கட்டும். கடைசியில போலீஸ் எல்லாம் வெளிய போனதும் பெரிப்பா கண்ணைத் திறக்கறாரு. அவரு சாகவே இல்ல. பங்காளியைக் கொன்னுட்டு, தன்னையும் எவனோ கொன்ன மாதிரி படுத்திருந்தவரு அவருதான்!"

"அப்ப எலக்ட்ரீஷியன்?"

"பாவம், அவன் ஃபியூஸ் போட வந்தவன்."

பதினோராவது டேக். பெரியப்பா மெல்லக் கண்ணைத் திறந்து கேமராவை நேராகப் பார்த்தார்.

"ஓகே!" என்று கல்பனா குதித்தாள்.

சரண்யா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "நல்ல வேளை, உங்களுக்கு மூச்சடக்கத் தெரியல பெரிப்பா."

"எனக்கா? கிணத்துல முங்கி மோட்டாரோட ஃபுட்வால்வைக் கழட்டி மாட்டுறவன்மா நான், ரெண்டு நிமிஷம் தம் கட்டுவேன்," என்று வலித்த வயிற்றைத் தடவிக்கொண்டார் காத்தவராயன். "எலக்ட்ரீஷியன்தான் கொலைகாரன்னு உங்க கதையில மொத பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு. சொல்ல வந்தா வாயைத் திறக்க விடல. அதான் நான் சாகலன்னு பத்து டேக்கா மூச்சு விட்டு விட்டுச் சொல்லிட்டு இருந்தேன்."