முதலில் எழுந்தவள்

சாப்பாடு முடிந்து மதிய மணி அடித்தால் எல்லோரும் உட்கார்ந்து மெஷினை ஓட்ட வேண்டும். இன்று ஷர்மிளாவும் சௌந்தர்யாவும் மட்டும் எழுந்து நிற்க வேண்டும்.

ஒரே நேரத்தில். அதுதான் பேச்சு.

தையல் பார்க்கிற சாக்கில் மேலே கை வைக்கிறவன் சூப்பர்வைசர் பிரேம்குமார். அவனைப் பற்றி மேனேஜரிடம் முதலில் வாய் திறந்தவள் மறுநாள் வேலையில் இருப்பதில்லை. கூடச் சொன்னவர்களை மிரட்டியதோடு விட்டுவிடுவார்கள். அதனால் இருவரில் யாரும் முதல் ஆளாக இருக்கக் கூடாது.

செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தையல் ஷெட்டில் இருவரும் ஆளுக்கொரு கோடியில் இருந்தார்கள்; இரண்டு கோடியிலும் சுவர்க் கடிகாரம் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று மதித்ததே இல்லை.

"கடியாரத்த வுடுடி. நடுத்தூண்ல பெல்லு இருக்குல்ல? ரெண்டு பேருக்கும் தூரம் சமமா இருந்தா சத்தம் ஒண்ணாத்தான் வரும்," என்றாள் சௌந்தர்யா.

மெஷின்களை எண்ணித் தூரம் பார்த்தால் சரிவராது. இடைவெளி முன்னே பின்னே இருந்தது. நேற்று சாப்பாட்டு நேரத்தில் சௌந்தர்யா தைக்கிற நூலைத் தூணிலிருந்து ஷர்மிளாவின் நாற்காலிவரை இழுத்து அறுத்தாள். அதே நூலை மறுபக்கம் பிடித்து, அது முடிந்த இடத்தில் இருந்தவளோடு இடம் மாற்றிக்கொண்டாள்.

மணி அடித்தது.

ஷர்மிளா எழுந்தாள். எதிர்க் கோடியில் சௌந்தர்யாவின் தலை அதே நொடியில் உயர்ந்தது.

ஆனால் மேனேஜர் ரத்தினசாமி அப்போது சௌந்தர்யாவைத் தாண்டி, அவளுக்கு முதுகு காட்டி, ஷர்மிளாவைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தார்.

"இன்னாம்மா, நீதான் ஆரம்பிச்சு வுட்டியா?"

"இல்ல சார், சூப்பர்வைசர் கை வைக்கிறதச் சொல்ல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் எந்திரிச்சோம்."

அவர் திரும்பிப் பார்த்தார். "உன்னப் பாத்துட்டுத்தானே அவ நிக்கிறா?"

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அப்படித்தான்.

பின்னால் வந்த பிரேம்குமார் சிரித்தான். நாளைக்கு ஷர்மிளாவின் ஊர் மாதனூரில் கம்பெனி பஸ் அவளுக்காக நிற்காது.

மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"நான்தான் சார் மொதல்ல. பெல்லு என் தலைக்கு மேலதானே இருக்குது."

நடுத்தூணடியில் ரஃபத் ஜஹான் நின்றுகொண்டிருந்தாள். யாரிடமும் அதிர்ந்து பேசியறியாதவள். இவர்கள் அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

அவளுக்குப் பக்கத்து மெஷின் உறை போட்டு மூடிக் கிடந்தது. போன வாரம் மேனேஜரிடம் வாய் திறக்கும்வரை அதில் தைத்தவள் அவளுடைய மகள்.