மாலைக்குக் குனிந்தவள்

கூன் எப்போது விழுந்தது என்று பிசியோதெரபி பெண் கேட்டபோது, "கல்யாணத்தன்னிக்கு" என்றாள் மெய்யம்மை. அந்தப் பெண் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். வேடிக்கைக்குச் சொன்னதல்ல அது. மாப்பிள்ளை அடைக்கப்பன் மாலையோடு எதிரே நின்றபோது, "அவருக்கு எட்டலை, கொஞ்சம் குனிஞ்சுக்கடி" என்று அம்மாதான் காதில் சொன்னாள். குனிந்தவளிடம் இனி நிமிரலாம் என்று யாரும் சொல்லவில்லை. இப்போது முதுகுவலி தாங்காமல், அந்தப் பெண் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் தவறாமல் செய்தாள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மேலே தூக்கினாள். தவழும் பிள்ளைபோல் ஊன்றி, வயிற்றை எக்கிக்கொண்டு, ஒரு கையையும் மறுபக்கத்துக் காலையும் நீட்டினாள். குதிகாலையும் முதுகையும் சுவரோடு ஒட்டி நின்று பின்னந்தலையால் சுவரைத் தேடினாள். "இந்த வயசுல நிமிர்ந்து என்ன பண்ணப்போறே?" என்றார் அடைக்கப்பன், பேப்பரைத் தாழ்த்தாமலே. மழை விட்ட ஒரு காலையில் தலை சுவரைத் தொட்டது. சுவர் குளிர்ந்திருந்தது. தை மாதம் அவருக்கு எழுபதாம் கல்யாணம். மாலை மாற்றும்போது அவர் கை அவள் காதுவரை எழும்பி, அதற்குமேல் எட்டாமல் நின்றது. மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. "குனியேன்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "குனியக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கு" என்றாள். அடைக்கப்பன் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு, உட்கார்ந்திருந்த மணையைக் காலால் இழுத்து அவள் முன்னால் போட்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். தோள் அசையவில்லை.