கடுகு டப்பா

"ஒரு மாசத்துக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை இருபது நாள்ல தீர்ந்துடுத்தா? அதை என்ன வறுத்த கடலைன்னு நெனச்சேளா, பாக்கியலக்ஷ்மி?"

டாக்டர் ராமபத்ரன் பாலக்காட்டுக்காரர். கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் இன்னும் வேகமாக வரும். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்குக்கு மேலே, மாடியில் அவர் அறை. இடுப்பு வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்த பாக்கியலக்ஷ்மிக்கு இன்னும் மூச்சு அடங்கவில்லை.

"சத்தியமா காலையில எண்ணி நாலுதான் சாரே முழுங்கறேன். அதுக்கு மேல ஒண்ணு தொடல."

"போன மாசமும் அஞ்சு நாள் முன்னாடியே வந்து நின்னேள். மீதி எங்கே போச்சு? எலி தின்னுதா?"

பாக்கியலக்ஷ்மி காலி டப்பாவை மடியில் வைத்து உருட்டினாள்.

"எனக்கே பயமா இருக்கு சாரே. உறக்கம் கிடையாது. பாதி ராத்திரியில எந்திரிச்சுப் பழஞ்சோத்தை வழிச்சுத் தின்னுட்டு நிக்கறேன். அப்ப நெனவில்லாம இதையும் எடுத்து வாயில போட்டுக்கறேனோ என்னமோ."

டாக்டரின் கோபம் இறங்கிவிட்டது. சிறுநீரகத்துக்காக இரண்டு வருடமாக அவர் கொடுத்துவரும் ஸ்டீராய்டு அவளை என்ன பாடு படுத்துகிறது என்று அவருக்குத் தெரியாதா? ஒட்டிய கன்னம் உப்பிவிட்டது. மேலுதட்டில் ரோமம். லேசாக இடித்துக்கொண்டால் கூடத் தோல் கன்றிப் போகிறது. சர்க்கரை வேறு. உப்பில்லாத குழம்பை அவள் முகம் சுளிக்காமல் சாப்பிடுவதே பெரிய காரியம்.

"இதோ பாருங்கோ. உயிரைக் காப்பாத்தற மருந்துதான். ஆனா அளவு தப்பினா எலும்பையே அரிச்சுடும். பயந்துண்டு சட்டுனு நிறுத்தினாலும் ஆபத்து. வீட்டுல வேற யாராவது பொறுப்பா எடுத்துக் கொடுக்கணும். உங்க ஆத்துக்காரர் காளிமுத்து எங்கே?"

"அவருக்கு இன்னைக்குக் கார்ப்பரேஷன்ல லீவு கிட்டல. மகதான் கூட வந்திருக்கா. வெளியில உக்காந்திருக்கா."

"அவளைக் கூப்பிடுங்கோ."

பாக்கியலக்ஷ்மி பதறிப் போனாள். "ஐயோ வேண்டாம் சாரே! அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"ஒரே வீட்டுல இருக்கற பொண்ணுக்குத் தெரியாதா?"

"இங்க வர்றது பிரஷர் பாக்கன்னுதான் சொல்லியிருக்கேன். தெரிஞ்சா அழுவா. வாய் தவறி யார்கிட்டயாவது சொல்லியும் வச்சிருவா. அம்மாவுக்குக் கிட்னி கேடுன்னா மகளுக்கும் வரும்னு சொல்லி வந்த சம்பந்தம் ஓடிப் போகும். அதான் எல்லாத்தையும் அட்டையிலேர்ந்து உரிச்சு இந்தக் கடுகு டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். யாரு கேட்டாலும் சத்து மாத்திரைன்னு சொல்லிருவேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். பாக்கியலக்ஷ்மி இரண்டு வருடமாகத் தன் முகத்தையே மறைத்துவிட்டாள். தெருவில் ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. "சேச்சி நல்லா உடம்பு தேறிட்டாங்களே" என்று பொறாமைப்பட்டவர்கள்தான் அதிகம்.

"எந்த ஊர்ச் சம்பந்தம்?" என்றார் டாக்டர்.

"இங்க தேவராவுலதான். பையன் வெல்டர். வர்ற ஞாயித்துக்கிழமை நிச்சயம் சாரே." அவள் முகம் மலர்ந்தது. "முன்னாடி இடக்கொச்சியிலேர்ந்து வந்தாங்க. குட்டி கொள்ளாம், நல்ல பொண்ணுதான், ஆனா ஈர்க்குச்சி மாதிரி இருக்காளேன்னு சாயா குடிச்ச டம்ளரை வச்சுட்டுப் போயிட்டாங்க. எம் மக நாலு நாள் சோறு தின்னல. பகவதிக்கு நேந்துக்கிட்டேன். ஏத்தப்பழமும் நெய்யுமா ஊட்டினேன். பகவதி கண் திறந்துட்டா. இந்தக் கல்யாணம் மட்டும் முடியட்டும் சாரே, அப்புறம் நான் செத்தாலும் பரவாயில்ல."

"சாகறதுக்கா நான் மருந்து தரேன்?" டாக்டர் சிரித்துவிட்டார். "சரி, வியாதியைப் பத்தி வாயே திறக்கல. நானும் சத்து மாத்திரைன்னே சொல்றேன். டப்பா அவ கையில இருக்கட்டும். காலையில நாலு எண்ணிக் கொடுக்கட்டும். போறுமா?"

அவள் அரை மனதோடு தலையாட்டினாள். கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "அம்பிளி, உள்ள வா மோளே."

அம்பிளி வந்தாள். போன ஓணத்துக்குத் தைத்த சுரிதார் தோளில் பிடித்துக்கொண்டிருந்தது. "வணக்கம் டாக்டர்" என்று வெட்கத்தோடு சிரித்தாள்.

மருந்துச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்தார். பேனா நின்றுவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார்.

"ஜன்னல் பக்கம் திரும்பு குழந்தே."

வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் அவள் முகத்தைப் பார்த்தார்.

"இப்பத்தான் சாரே பேருக்கேத்த முகம் வந்திருக்கு. நிலா மாதிரி" என்றாள் பாக்கியலக்ஷ்மி, பெருமை தாங்காமல்.

டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. அம்பிளியிடமே கேட்டார். "எத்தனை நாளாம்மா?"

அம்பிளி தலையைக் குனிந்துகொண்டாள். "மூணு மாசமா டாக்டர். முதல்ல தினம் ஒண்ணு. நிச்சயம் நெருங்குதேன்னு இப்ப ரெண்டு."

பாக்கியலக்ஷ்மி சட்டென்று எழுந்தாள். மடியிலிருந்த கடுகு டப்பா தரையில் விழுந்து உருண்டது. அம்பிளி ஓடிப்போய் அதை எடுத்தாள்.

"திருடினது தப்புதாம்மா" என்றாள் அழுதுகொண்டே. "ஆனா இந்த மாத்திரை தின்னுதான் உடம்பு வச்சதுன்னு எல்லார்கிட்டயும் நீதானே சொன்னே?"