வார் பட்ட இடம்

காலைப் பிடித்துக்கொண்டே ஊர் சுற்றும்; பிடித்த இடத்தில் தன் படத்தையும் வரைந்துவிடும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்?

செவ்வந்தியின் புது ரப்பர் செருப்புதான். வார் பட்ட இடமெல்லாம் அவளுக்குச் சிவந்து தடித்து, அரிப்பு உயிரை எடுத்தது.

தினமும் தடவப்பட்ட களிம்புக்குப் பொறுக்கவில்லை. “உன் ரப்பர்ல கலந்த ரசாயனம்தான் பிள்ளைக்கு ஒத்துக்கலை. இன்னைக்கு அவகிட்ட சொல்லிடப் போறேன்,” என்றது.

“தாராளமா சொல்லுக்கா,” என்று செருப்பு சிரித்தது. “நான் குப்பைக்குப் போவேன், கால் ஆறிடும். அப்புறம் உன்னை யாரு தேடுவா?”

களிம்புக்குப் பகீரென்றது.

செவ்வந்தி வந்து டியூபைப் பிதுக்கினாள். “ஏன் ஆறவே மாட்டேங்குது?” என்று அழுதாள்.

“தரையில இருக்கிற மண்ணுதான் காரணம், கண்ணு,” என்றது களிம்பு.

அன்றிலிருந்து செவ்வந்தி வீட்டுக்குள்ளும் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.