இறங்கி வந்தவர்

"சிரிச்சா என்ன, முத்தா உதிர்ந்துடும்?" என்றாள் பின்வரிசைப் பெண்மணி. பக்கத்தில் இருந்தவளிடம் பேசுவது போலத்தான், ஆனால் முன்வரிசைக்குக் கேட்கும்படி.

முன்வரிசையில் இருந்த அம்மாவுக்கு நன்றாகவே கேட்டது.

அவள் மகள் கணிதத்தில் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம். மேடைக்குக் கீழே, சக்கர நாற்காலியில், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதக்கத்தைக் கொடுக்க மேடையிலிருந்து தலைமை விருந்தினரே இறங்கி வந்திருந்தார். முன்னாள் நீதிபதி. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவருக்குத்தான்.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது இந்த முகம் இப்படி இல்லை. "மேடையில என்னைப் பார்த்துட்டு அழுது தொலைக்காதேம்மா" என்று கேலி பேசிக்கொண்டு வந்தவள்தான். மூன்று வருஷமாக மாடி வகுப்புக்கு அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள், பீரோவை ஏற்றுகிற மாதிரி. இன்றைக்கு யாரும் தூக்கக் கூடாது, மேடைக்கு நானேதான் போவேன் என்று ஒரே பிடிவாதம். எப்படிப் போவாய் என்று கேட்டால், வந்து பார் என்பதோடு சரி.

வாசலிலேயே பதிவாளர் மறித்துவிட்டார். மேடைக்குப் படிக்கட்டு மட்டும்தான் இருக்கிறது, நீதிபதி கீழே வந்து கொடுப்பார் என்றார். மகள், "நேத்து..." என்று ஏதோ ஆரம்பித்தாள். "அதான் சார் சொல்றாரே, கம்முனு இரு" என்று அம்மாதான் அடக்கினாள். பெரியவர்களோடு மல்லுக்கு நிற்க இதுவா நேரம்?

நீதிபதி பதக்கத்தை அவள் கழுத்தில் போட்டார். புகைப்படக்காரர்களுக்குச் சரியாகக் கிடைக்கவில்லையாம். கழற்றி மறுபடி போட்டார். அதுவும் போதவில்லை. கடைசியில் ஒரு முழங்காலை மடக்கித் தரையில் ஊன்றிப் போட்டார்.

"நானே மேல வந்து வாங்கிக்கறேனே சார்" என்றாள் அவள், மெதுவாக.

"உனக்கு எதுக்கும்மா சிரமம்?" பதிவாளர் நீட்டிய மைக்கில் நீதிபதியின் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது. மறுபடியும் கைதட்டல்.

விழா முடிந்து வராந்தாவுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய மனிதர் முட்டி போட்டாரே, ஒரு நன்றி சொன்னால் வாய் வெந்துவிடுமா என்று கேட்டாள். பின்வரிசைக்காரி சொன்னதையும் சேர்த்துக்கொண்டாள்.

"நாலு பேர் முன்னாடி என்னைத் தலைகுனிய வச்சிட்டே. இரு, பதிவாளர்கிட்ட மன்னிப்பாவது கேட்டுட்டு வரேன்."

"கேட்டுட்டு வா" என்றாள் மகள்.

பதிவாளர் மேடைக்குப் பின்னால் செல்போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, சின்னப் பெண்தானே, விடுங்கள் என்று பெருந்தன்மையாகச் சிரித்தார். "படம் பிரமாதமா வந்திருக்கும்மா. நாளைக்கு எல்லாப் பேப்பர்லயும் வரும்."

அம்மாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நன்றி சொல்லிவிட்டு அவள் நகர்வதற்குள், மேடை போட்ட ஒப்பந்தக்காரர் பதிவாளரிடம் வந்து நின்றார். அவருடைய ஆட்கள் நீளமான சாய்வுப் பலகை ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் சார், இதைப் போய்க் காலையில கழட்டச் சொல்லிட்டீங்க? நேத்து ஒத்திகையில அந்தப் பொண்ணு இதுலதானே தன்னந்தனியா உருட்டிக்கிட்டு, ஜம்முனு மேடைக்கு வந்துச்சு?"

பதிவாளர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது இருந்திருந்தா அவர் எதுக்குய்யா இறங்கி வரப்போறார்?"