கல்வீச்சு

குடிநீர் கேட்டு நடந்த மறியலில், வெயிலில் மயங்கிச் சரிந்த காவலருக்காகத் தடுப்புக்கு மேலே தண்ணீர் பாக்கெட் ஒன்றை வீசினாள் சந்தனமாரி. ஓங்கிய அந்தக் கையை அப்படியே நிறுத்தி, சிவப்பு வட்டம் போட்டு, 'கல்வீச்சு' என்று நாள் முழுக்கக் காட்டியது ஒரு தொலைக்காட்சி சேனல். மறுநாள் அமைச்சர் பழக்கூடையோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது காவலரின் தலையில் பெரிய கட்டு இருந்தது. சந்தனமாரி மேல் வழக்குப் பாய்ந்தது. தெருக்காரர்கள் அவள் முகத்தை விட்டுவிட்டுக் கையையே பார்த்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அதே சேனலின் நிருபர் கேமராக்காரரோடு அவள் வாசலுக்கு வந்தான்.

"நேரலைல ஒரு மன்னிப்பு கேட்டுருங்கக்கா. கேஸை விட்டுருவாங்க."

"அது தண்ணி பாக்கெட்டுல்லா தம்பி."

"எங்களுக்குத் தெரியாதாக்கா? சனங்க கல்லுன்னு பார்த்துட்டாங்களே, இனிமே மாத்த முடியுமா?"

நேரலை தொடங்கியது. நிருபர் மைக்கை நீட்டினான். அவள் அதைப் பிடுங்கி அவன் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"இப்ப என்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லு. சனங்க கேக்கட்டும்."

நிறுத்தச் சொல்லி நிருபர் கண்ணைக் காட்டினான். கேமராக்காரர் அசையவில்லை. சந்தனமாரியும் அவன் வாயருகிலிருந்து மைக்கை எடுக்கவில்லை.